மூன்று பேருக்கு ஒரே இரத்தம்

6

டொக்டர் கிருஷாந்தி ஒரு துளி இரத்தத்தை நீலத் தண்ணீருக்குள் விட்டாள். துளி நின்று யோசிக்கவே இல்லை. நேரே அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

“பாத்தியளோ? இரத்ததானம் செய்ய வாறவையின்ர விரலில குத்தி இப்பிடித்தான் பாக்கிறது. துளி அடியில தாண்டால் இரத்தம் போதும். மிதந்தால் வீட்டை அனுப்பிவிடுவம்.”

“இது தாண்டுருச்சே டொக்டர். பிறகென்ன பிரச்சினை?” என்றாள் ஜெயராணி.

“அதுதான் பிரச்சினை. குறைஞ்ச இரத்தத்தை இது பிடிச்சுக் குடுக்கும். அளவுக்கு மிஞ்சின இரத்தத்தைப் பிடிக்காது. அதுவும் தாழும், இதுவும் தாழும்.”

பேராதனையில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்த ஆய்வுப் பகுதி அது. குளிர்சாதனப் பெட்டிகளின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை. கிருஷாந்தி யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயது, பெரிய கண்ணாடி, தூக்கம் குறைந்த முகம்.

ஜெயராணிக்கு ஐம்பத்து மூன்று வயது. கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், நட்டஈடு கேட்டு வருகிறவர்களில் யார் உண்மை, யார் புளுகு என்று பிரிப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. திருகோணமலை வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே அறை எடுத்து, காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கிவிட்டாள். அவள் காணாமல் போனால் தேடுவதற்கு ஆள் கிடையாது என்பது வேறு விஷயம்.

கதவில் சாய்ந்து நின்றவன் அர்கம். அவளுடைய ஓட்டோக்காரன், உதவியாளன், கேட்காமலே கருத்துச் சொல்வதில் மன்னன்.

“இந்த வருசத்தில மூண்டு இரத்ததான முகாமில மூண்டு பேர் குடுத்திருக்கினம்” என்றாள் கிருஷாந்தி. “தங்கராஜ், மோகனராஜ், அஜந்தன். மூண்டு பேரும் ஏபி நெகட்டிவ். லேசில கிடைக்காத குறூப். மூண்டாவது பையைத் தற்செயலாச் சோதிச்சால், சீனிப்பாணி மாதிரித் தடிப்பு. முந்தின ரெண்டின்ர மாதிரியையும் எடுத்துப் பாத்தன். அதே தடிப்பு. அதே ஜீன் பிழை. மூண்டும் ஒரே ஆள்.”

“என்ன வயசு சொல்லியிருக்காங்க?”

“மூண்டு இடத்திலயும் ஐம்பத்தாறு. அட்ரஸும் ஒண்டுதான். ஹுன்னஸ்கிரியவுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம், மேற்பிரிவு லயத்து வரிசை வீடு. கடிதம் போட்டம். அப்பிடியொரு லயமே இல்லையெண்டு திரும்பி வந்திட்டுது.”

“டொக்டர், நான் ஒண்டு செல்லட்டா?” என்றான் அர்கம். “ஒரே ரத்தம், ஒரே வயசு, ஒரே வீடு. ஒரே பிரசவத்துல பொறந்த மூணு பேரா ஈக்கேலாதா? கேஸ் முடிஞ்சி. மிஸ், போவோமா?”

கிருஷாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயராணிக்கு வரவில்லை. அவள் வேறொன்றில் சிக்கியிருந்தாள்.

“அர்கம், பேரை மாத்திப் புளுகுற ஆளு வயசையும் மாத்துவான். அட்ரஸை முதல்ல மாத்துவான். இந்த மனுசன் பேரை மட்டுந்தான் மாத்தியிருக்காரு. இவருக்குப் புளுகத் தெரியல. இல்லாட்டி, இவர் புளுகவே இல்ல.”

“அப்ப மூணு பேரு?”

“அதுதான் தெரியல. டொக்டர், இது என்ன வருத்தம், என்ன நோய்?”

கிருஷாந்தி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “இரத்தம் தடிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, உடம்பு கேட்டுத் தடிக்கிறது. சுருட்டுப் பிடிக்கிறவை, நுரையீரல் வருத்தக்காரர், காத்துக் குறைஞ்ச இடத்தில இருக்கிறவை. உடம்புக்குக் காத்துப் போதாது, அதால சிவப்பணுவைக் கூடச் செய் எண்டு எலும்பு மச்சையிட்டக் கேக்கும். மற்றது, ஒருத்தரும் கேக்காமலே மச்சை தன்ரபாட்டில செய்துகொண்டு போறது. அது புற்றுநோய். இரத்தப் புற்றுநோயில அபூர்வமான ஒரு வகை. பொலிசைதீமியா வேரா எண்டு பேர். வெளியில பாத்தா ரெண்டும் ஒண்டுபோலத்தான் இருக்கும். ஜீனைப் பாத்தால்தான் எந்தப் பெட்டியில போடுறது எண்டு தெரியும். சரியான பெட்டியில போட்டால் ஆள் கனகாலம் இருப்பார். பிழையான பெட்டியில போட்டால், ஒருநாள் தடிச்ச இரத்தம் கட்டிபடும். மூளையில கட்டினால் பாரிசவாதம். நெஞ்சில கட்டினால் அவ்வளவுதான்.”

“இத்தனை நாள் ஏன் கட்டல?”

“நல்ல கேள்வி. இதுக்கு முதல் வைத்தியமே அப்பப்ப ஒரு பை இரத்தத்தை எடுத்துவிடுறதுதான். அந்த மனுசன் தானம் எண்டு குடுத்துக் குடுத்து, தெரியாமலே தனக்கு வைத்தியம் பாத்திருக்கிறார்.” அவள் குரல் இறங்கியது. “ஆனா கடைசியாக் குடுத்துக் கனநாளாச்சு. எல்லா முகாமிலயும் சொல்லி வைச்சிருக்கிறன். ஆள் வரேல்ல. நிப்பாட்டிப்போட்டார். ஏனெண்டு தெரியேல்ல.”

“பொலிசுக்குச் செல்லலியா?” என்றான் அர்கம்.

“பொலிஸ் போனால் அவர் குற்றம் செய்திட்டன் எண்டு பயந்து இன்னும் ஒளிப்பார். எனக்கு ஆள் வேணும், அக்கா. இரவெண்டாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் இஞ்சதான் இருப்பன்.”

எழும்பும்போது ஜெயராணி இரண்டு விஷயம் கேட்டாள். அந்த இரத்தம் என்ன ஆனது? முந்திய இரண்டையும் ஏற்றியாகிவிட்டது, வாங்கினவர்கள் சுகமாக இருக்கிறார்கள், இது இரத்தத்தால் தொற்றாது, மூன்றாவதை மட்டும் கொட்டிவிட்டோம் என்றாள் கிருஷாந்தி. ஆளைப் பார்த்தால் என்ன தெரியும்? முகமும் உள்ளங்கையும் சிவந்திருக்கும், தலையிடி, கால் எரிவு. குளித்துவிட்டு வந்தால்தான் உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கும், ஆனால் தோலில் ஒரு பருவும் இருக்காது.

*

“எங்க போற மிஸ்? ஹுன்னஸ்கிரியவா?”

“முதல்ல பிலிமத்தலாவை.”

ஓட்டோ கொழும்பு வீதியில் ஏறியது. அர்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்து, “தோட்டம் அந்தப் பக்கம், நாங்க போற இந்தப் பக்கம்” என்று முணுமுணுத்தான். அவன் முணுமுணுப்பு லொறிக்காரனுக்கும் கேட்கும்.

“டொக்டர் தந்த லிஸ்டுல மூணு முகாமும் எங்க நடந்துச்சுன்னு பாத்தியா? ஒண்ணு ஹுன்னஸ்கிரியவுல, ஒண்ணு கண்டி டவுன்ல, ஒண்ணு பிலிமத்தலாவையில. மூணும் கோயில் மண்டபம். நடுவுல ஹுன்னஸ்கிரிய சந்தியிலேயே பௌத்த பன்சலையில ஒரு முகாம் நடந்திருக்கு. நடந்து போற தூரம். அதை விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி இங்க வந்திருக்காரு. ஏன்?”

“இந்து ஆள். அதான் கோயிலுக்கு வந்தார்.”

“ரத்தம் குடுக்க யாரு சாமி பாக்குறா? நீ எங்க குடுத்த?”

“பன்சலையிலதான். கிரிபத் பாச்சோறு குடுத்தாங்க. பள்ளிவாசல்ல குடுத்தா பேரீச்சம்பழம்.” அவன் கொஞ்சம் யோசித்தான். “நீங்க செல்றது சரிதான். நான் சாப்பாட்டப் பாத்துத்தான் போற.”

பிலிமத்தலாவைக் கோயில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. முகாமை நடத்திய ராஜரத்தினம் பித்தளைச் சாமான் கடை முதலாளி. ஆளைக் கேட்டதும் அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது.

“செவந்த மூஞ்சி. குடிச்சிட்டு வந்திருக்கான்னு நெனச்சுக் கிட்ட போய் மோந்து பாத்தேன், வாசமே இல்ல. மழையில எல்லாரும் சால்வையப் போத்திக்கிட்டு இருக்காங்க, இவரு செருப்பக் கழட்டிட்டு ஈரத் தரையில கால வச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

“வேற ஏதாச்சும் வித்தியாசமா?”

“ஒண்ணு இருக்குங்க. ரத்தம் குடுத்து முடிஞ்சா எல்லாருக்கும் மைலோவும் பிஸ்கட்டும் குடுக்குறது. இவரு அதத் தொடல. எந்திரிச்சு நேரா ஐயர்கிட்டப் போய் ரெண்டு கையையும் நீட்டித் திருநீறு கேட்டாரு. ரத்தம் குடுத்துட்டுத் திருநீறு கேட்ட மொத ஆளு இவருதான்.”

ஜெயராணி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். முகாமுக்கு மேசை போட்டிருந்த இடம் அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வந்தது வந்தோம், வெறுங்கையோடு போவானேன் என்று ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு சந்நிதிக்குப் போனாள். அர்கம் வெளியில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, பழக்கமான அவசரத்தோடு கேட்டார். “யார் பேருக்கும்மா?”

அவள் மனதுக்குள் ஒரு பேரைத் தேடினாள்.

அம்மா இருந்தவரை அம்மா பேர். பிறகு அக்கா பேர், அக்கா பிள்ளைகளின் பேர். அக்கா மகனோடு மெல்பர்ன் போய்ச் சேர்ந்த பிறகு, முதலில் வாரம் ஒருமுறை பேசினார்கள். பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. போன தீபாவளிக்கு ஒரு படம் மட்டும் வந்தது. அந்தப் பிள்ளைகளின் நட்சத்திரம்கூட இப்போது அவளுக்கு மறந்துவிட்டது. தன் பேரைச் சொல்லலாம்தான். ஆனால் தனக்காகத் தானே வந்து நிற்கிறோம் என்று அடுத்தவர் காதில் விழச் சொல்வதற்கு அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தனிமை பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அது சுத்தப் புளுகு.

“பேரச் சொல்லுங்கம்மா, ஆள் நிக்கிறாங்க.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இடத்தில் நின்றுகொண்டு பேர் என்று கேட்டால், பெரும்பாலும் யாரும் தன் பேரைச் சொல்வதில்லை.

*

“வெளங்கல்ல மிஸ்” என்றான் அர்கம். ஓட்டோ கண்டியைத் தாண்டித் தெல்தெனிய வழியாக மலை ஏறிக்கொண்டிருந்தது.

“கோயில்ல நாங்க அர்ச்சனை செஞ்சா, ஐயர் கேக்குறது வந்து நிக்கிற ஆளோட பேர இல்ல. யாருக்காகச் செய்யிறமோ அவங்க பேர. சின்ன வயசுல இருந்து அப்படித்தான் பழக்கம். இந்த மனுசனுக்குக் கோயில்ல மேசையப் போட்டு, முன்னால ஒரு பிள்ளை உக்காந்து ‘பேர்’னு கேட்டிருக்கு. யாருக்காகக் குடுக்க வந்தாரோ அந்தப் பேரச் சொல்லிட்டாரு. வயசு கேட்டா தன் வயசு, வீடு கேட்டா தன் வீடு. ஒரு பொய்யும் சொல்லல. அதனாலதான் பன்சலைக்குப் போகல. அங்க குடுத்தா கணக்குல சேராதுன்னு நெனச்சிருப்பாரு. திருநீறும் அதுக்குத்தான்.”

அர்கம் வளைவில் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“அப்ப அந்த மூணு பேரும் சொகமில்லாத ஆக்களா?”

“இருக்கலாம்” என்றாள் ஜெயராணி. அவள் மனதில் ஓடியது வேறு. இல்லாத லயத்துக்கு ஒரு முகவரி எங்கிருந்து வரும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

விடை மலையிலேயே எழுதிக் கிடந்தது. தோட்டத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், மலையின் ஒரு பக்கம் உரிந்து செம்மண்ணாகத் தெரிந்தது. பழைய மண்சரிவு. அதன்மேல் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. பாதையோரத்தில் சிவப்புப் பலகை நட்டு, ஆட்கள் இருக்கக்கூடாத இடம் என்று இரண்டு மொழியில் எழுதியிருந்தார்கள். பலகைக்கு அப்பால் பழைய லயத்தின் ஒரு நுனி, ஒற்றை அறைக் காம்பரா ஒன்று மட்டும், இன்னும் நின்றது.

“யா அல்லாஹ்” என்றான் அர்கம் மெதுவாக. “அட்ரஸ் பொய்யில்ல. லயம்தான் இல்ல.”

பாதையில் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண் இவர்களைக் கண்டதும் நின்றாள். கொழுந்துக் கறை ஏறிய கைகள். ஒரு கையில் இலையில் சுற்றிய ரொட்டி, மறு கையில் தோட்டத்து டிஸ்பென்சரியின் வெள்ளை மருந்துப் போத்தல். பேர் கேட்டதற்கு இரத்தினம்மா என்றாள்.

“அந்தக் காம்பராவுல யாரு இருக்கா?”

“யாரும் இல்லைங்க. செவப்புப் பலகை போட்டாச்சுல்ல. எல்லாரும் புது வீட்டுக்குப் போயிட்டோம்.”

“கையில என்ன மருந்து?”

“சொறி மருந்துங்க. எனக்குத்தான்.”

ஜெயராணி அவள் கைகளைப் பார்த்தாள். கறை இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. “பாவம். சொறின்னா ராவெல்லாம் தூங்க விடாதே.”

“ராவுல ஒண்ணும் கடிக்காதுங்க. குளிச்சாத்தான். பீலித் தண்ணியில குளிச்சுட்டு வந்து ஒடம்பத் தொடச்சா அப்பிடியே துடிச்சுப் போயிடுறாரு…”

சொல்லிவிட்டு இரத்தினம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அர்கம் வானத்தைப் பார்த்து, “துடிச்சுப் போயிடுறா-ரு” என்று இழுத்தான்.

“பயப்படாதீங்க. நாங்க தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வரல” என்றாள் ஜெயராணி. “அவரு உசுரு ஆபத்துல இருக்கு. இது சொறி இல்ல. ரத்தத்துல உள்ள வருத்தம். டொக்டர் அனுப்பி வந்திருக்கோம். யாரு அவரு?”

இரத்தினம்மா சிவப்புப் பலகையைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். ஒரு முடிவுக்கு வந்தவளாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“பொன்னையா. மண்ணு சரிஞ்சப்ப அவரு பெக்டரியில வேலையில இருந்தாரு. வந்து பாத்தா வீடு இல்ல. தம்பி தங்கராஜு, மகனுங்க மோகனராஜு, அஜந்தன், எல்லாரையும் பொணமாத்தான் தோண்டி எடுத்தாங்க. மக சஞ்சீவனி மட்டும் கெடைக்கல. புது வீடு குடுத்தும் போக மாட்டேங்குறாரு. தொரத்திருவாங்கன்னு நாங்க வெளிய சொல்றதில்ல. நாந்தான் ரொட்டி கொண்டு போய்க் குடுக்குறேன்.”

காம்பராவுக்கு ஏறும்போது ஜெயராணி அர்கமிடம் தாழ்ந்த குரலில் கணக்கை முடித்தாள். “மூணு ஆம்பளைப் பேருக்கும் குடுத்து முடிச்சுட்டாரு. நாலாவது மக பேரு. ஆம்பளை வந்து ‘சஞ்சீவனி’ன்னா மேசையில உக்காந்திருக்கிற பிள்ளை எழுத மாட்டா. வழி இல்லாமத்தான் நிறுத்திட்டாரு.”

“மிஸ், நீங்க ஆள்தான்” என்றான் அர்கம். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

*

பொன்னையா வாசலுக்கு முன்னால் ஓடிய தண்ணீர்க் கானில் இரண்டு கால்களையும் விட்டு உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், தொட்டால் எலும்பு வரை குளிரும். அவர் அதில் சுகம் கண்டிருந்தார். முகம் செம்மண் நிறம், உள்ளங்கையும் அப்படியே. நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

“கால் எரியுதா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே ஜெயராணி படியில் உட்கார்ந்தாள்.

“ஆபீஸா?”

“இல்ல. கோயில்ல ரத்தம் எடுத்தாங்கல்ல, அந்த டொக்டர் அனுப்பினாங்க.”

அவர் முகம் மாறியது. பயமில்லை, ஆவல். “அந்த ரத்தம் யாருக்காச்சும் ஏத்துனாங்களாம்மா?”

“தங்கராஜு பேருக்குக் குடுத்ததையும் மோகனராஜு பேருக்குக் குடுத்ததையும் ஏத்துனாங்க. வாங்கின ரெண்டு பேரும் பொழைச்சு நல்லா இருக்காங்க.”

“அஜந்தனுக்குக் குடுத்தது?”

அர்கம் வாயைத் திறந்தான். ஜெயராணி அவன் பாதத்தை மிதித்தாள்.

“அதுவுந்தான்” என்றாள். அடுத்தவர் பொய்யைப் பிடித்தே வயிறு வளர்த்தவள் அவள். இந்தப் பொய்யை அவள் வாய் கூசாமல் சொன்னது.

பொன்னையா தலையை ஆட்டிக்கொண்டார். “குடுக்குறப்பல்லாம் தலவலி விட்டுரும். எரிச்சலும் நின்னுரும். அவனுக்குச் சேந்துருச்சுன்னு நெனச்சுக்குவேன். கொஞ்ச நாள்ல மறுபடியும் இடிக்கும். அடுத்தவன் கேக்குறான்னு இன்னொரு கோயிலத் தேடிப் போவேன்.”

“இப்ப இடிக்கலையா?”

“தாங்க முடியல. நேத்து ஒரு பக்கக் கண்ணு கொஞ்ச நேரம் தெரியவே இல்ல.”

டொக்டர் சொன்னது நடக்கத் தொடங்கிவிட்டது. அர்கம் பதறிப்போய்ச் சொன்னான். “அதுக்கென்ன அங்கிள், நாங்க டொக்டர்கிட்டச் செல்லி மகள்ட பேருக்கும் எழுதச் செல்றோம். வாங்க போவோம்.”

பொன்னையா கானிலிருந்து காலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“அவ பேருக்கு எதுக்குக் குடுக்கணும்? அவ எங்க செத்தா?”

இரத்தினம்மா மண்சரிவின் பக்கம் பார்க்காமல் தேயிலைப் பக்கம் பார்த்தாள். ஜெயராணியின் அழகான கணக்கு அந்தப் படியிலேயே சரிந்து விழுந்தது. வழி இல்லாமல் அவர் நிறுத்தவில்லை. அந்தப் பேரைச் சொன்னால் அவளையும் செத்தவர்கள் வரிசையில் சேர்த்தது ஆகிவிடும் என்று, தலை வெடித்தாலும் பரவாயில்லை என்று நிறுத்தியிருக்கிறார்.

“மூணு பேரையும் காட்டுனாங்க. பாத்தேன். அவளக் காட்டல. காட்டாதவளுக்கு எப்பிடிச் செய்யிறது?” அவர் பாதையைக் கைகாட்டினார். “பயத்துல எங்கயாச்சும் ஓடியிருப்பா. வந்து பாத்தா வீடுன்னு ஒண்ணு இருக்கணும்ல? புது வீடு அவளுக்குத் தெரியாது. இதத்தான் தெரியும். நான் எங்கயும் வரல. ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

புளுகு எது, உண்மை எது என்று பிரிப்பதுதான் ஜெயராணியின் தொழில். இது இரண்டிலும் சேரவில்லை. இதை உடைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். ஒரு பாய். ஒரு அடுப்பு. கயிற்றில் மடித்துப் போட்ட ஒரு பச்சைச் சுடிதார், அண்மையில் துவைத்தது.

“அண்ணே, சஞ்சீவனி வந்தா வீட்டுல ஆள் இருக்கணும். சரிதான்” என்றாள். “ஆனா உங்க ரத்தம் கட்டிபட்டுக்கிட்டு இருக்கு. அதுதான் நேத்துக் கண்ணு தெரியல. அடுத்த வாட்டி கையும் வாயும் விழுந்துரும். அவ வர்ற நேரம் நீங்க பேச்சு மூச்சில்லாமக் கெடந்தா, வந்த பிள்ளை என்ன செய்யும்? மூணு பேரையும் எழந்துட்டு வர்ற பிள்ளைக்கு அப்பாவும் இல்லைன்னா?”

பொன்னையா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்த வாட்டி யார் பேருக்கும் வேணாம். டொக்டர் ஒரு பை எடுப்பாங்க. தலையிடி போயிடும். அப்பப்ப போகணும், மருந்து குடுப்பாங்க. இன்னும் இருபது வருசம் நீங்க இங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கலாம்.”

“நான் போற நேரத்துல வந்துட்டா?”

அவள் யோசிக்காமல்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்த பிறகு, இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து இத்தனை தூரம் வந்தோமோ என்று அவளுக்கே தோன்றியது.

“நான் இருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்.”

“மிஸ்!” என்றான் அர்கம். “செவப்புப் பலக ஈக்கிது! நீங்க வீட்டுக்குப் போகத் தேவல்லையா?”

“மழை இல்ல. வீட்டுல யாரு என்னைத் தேடப் போறா? அண்ணனைப் பத்திரமா டொக்டர்கிட்டக் கொண்டு போய் விடு. முடிஞ்சதும் நீயே கூட்டிட்டு வா.”

அர்கம் ஓட்டோவில் இருந்த தன் குளிர்ச்சட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டு, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பொன்னையா இரண்டு முறை திரும்பி வந்தார். முதல் முறை, தேயிலைத் தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்ட. இரண்டாம் முறை, சஞ்சீவனிக்குப் பிளேன்டீயில் இஞ்சி வேண்டும், இஞ்சி இல்லாவிட்டால் தொடமாட்டாள் என்று சொல்ல.

“போட்டு வைக்கிறேன்” என்றாள் ஜெயராணி.

ஓட்டோவின் சத்தம் வளைவுகளில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போயிற்று. கொழுந்து நிறுக்கும் நேரம் என்று இரத்தினம்மாவும் போய்விட்டாள். வெயில் மலைக்குப் பின்னால் ஒதுங்க, பனி இறங்கத் தொடங்கியது. ஜெயராணி அடுப்பை மூட்டிக் கேத்தலை வைத்தாள், இஞ்சியைத் தட்டிப் போட்டாள், கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். யாருக்காகவோ காத்திருந்து எத்தனை காலம் ஆகிவிட்டது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கேட்க ஆள் இல்லாததால் சத்தமாகவே அழுதாள்.

பாதையில் ஏதோ சரசரத்தது. தேயிலைக்குள் காற்று என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்தாள்.